மாமனாரின் டிடி 214: மரைன் குடும்பங்கள் முன்கூட்டியே தேடி வைக்க வேண்டியவை

மாமனார் போனது ஒரு வியாழக்கிழமை இரவு. வெள்ளி காலை ஒன்பது மணிக்கெல்லாம், இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்யும் ஃப்யூனரல் ஹோமிலிருந்து போன். எடுத்த எடுப்பில் கேட்டது, "அவருடைய டிடி 214 கையில் இருக்கிறதா?" அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் எங்கள் சின்ன ஊரில் அவர் மரைன், அதாவது மரைன் கோர் என்ற கடல்வழிப் போர்ப்படையில் இருந்தவர், என்று தெரியாத ஆளே கிடையாது. வாசலில் கொடிக்கம்பம், காருக்குப் பின்னால் மரைன் சின்னமான கழுகும் உலக உருண்டையும் நங்கூரமும் போட்ட ஸ்டிக்கர், வருடம் தவறாமல் மரைன் கோரின் பிறந்தநாளான நவம்பர் 10-க்கு கேக். அவ்வளவு இருந்தும் அரசாங்கம் ஒப்புக்கொள்ளும் தாள் ஒன்றுகூட வீட்டில் அகப்படவில்லை. மாமியாருக்கு மறதி நோய். ஒரே பிள்ளையான என் கணவர் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஈரோட்டிலிருந்து வந்து அந்த வீட்டுக்கு மருமகளான நான்தான் ஓட வேண்டியிருந்தது. துக்கத்தை எழுத வரவில்லை. அடுத்த ஐந்து மாதம் வேலைகள் எந்த வரிசையில் வந்தனவோ அப்படியே சொல்கிறேன். பணம் போன இடமும் நாள் போன இடமும் நடுவில் வந்துவிடும்.

டிடி 214 என்பது பணியிலிருந்து விடுவிக்கும்போது தரும் சான்று. எப்போது சேர்ந்தார், எப்போது வெளியே வந்தார், என்ன ரேங்க், என்னென்ன பதக்கம், எந்த மாதிரியான விடுவிப்பு எல்லாம் அதில் இருக்கும். ராணுவ மரியாதை, கல்லறை, கொடி, மனைவிக்கான உதவித்தொகை எதற்குப் போனாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். பிற்காலத்து டிடி 214-இல் ஒரு சங்கடம் உண்டு: எப்படி விடுவிக்கப்பட்டார் என்ற விவரம் இல்லாத சுருக்கப் பிரதி, அது உள்ள முழுப் பிரதி என்று இரண்டு வகை. சுருக்கப் பிரதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் வீட்டில் இருப்பது எது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

வெள்ளி இரவு நான் செய்த முதல் தப்பு, இணையத்தில் தேடி மேலே வந்த ஒரு தளத்தில் 89 டாலர் கட்டியது. "அவசரமாக எடுத்துத் தருகிறோம்" என்றார்கள். அவர்கள் செய்ததெல்லாம் எஸ்எஃப் 180 என்ற அரசு விண்ணப்பத்தை நிரப்பி செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு அனுப்பியதுதான். அந்த விண்ணப்பத்தை நாமே அனுப்பலாம், தேசிய ஆவணக் காப்பகத்தின் தளம் வழியாகவும் போடலாம். நெருங்கிய உறவினருக்குக் கட்டணமே இல்லை. நான் கட்டிய பணத்துக்கு ஆறு வாரம் கழித்து ஒரு மறுப்புக் கடிதம் வந்தது. காரணம் என்ன தெரியுமா? நான் மருமகள். இறந்தவரின் மறுமணம் செய்யாத துணை, மகன், மகள், அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், இவர்கள்தான் நெருங்கிய உறவினர். மருமகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் கிடையாது. ஓடுவது யாராக இருந்தாலும் கையெழுத்து பிள்ளையுடையதாக இருக்க வேண்டும், கூடவே இறப்புச் சான்று. வியட்நாம் காலத்து மரைனாக இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். 1972-க்கு முன்னால் மரைன்களுக்குத் தனியாக ஒரு சர்வீஸ் எண் இருந்தது, அதற்கப்புறம்தான், நம் ஊர் ஆதார் மாதிரியான சோஷியல் செக்யூரிட்டி எண்ணே சர்வீஸ் எண்ணாயிற்று. இரண்டும் தெரிந்தால் இரண்டையும் எழுதுங்கள். கழுத்தில் தொங்கிய தகட்டில் அந்தப் பழைய எண் இருக்கும்.

தேடும்போது பத்தில் ஒருவராவது சொல்வார், "செயின்ட் லூயிஸில் தீப்பிடித்து எல்லாம் எரிந்துபோயிற்றே, விட்டுவிடுங்கள்" என்று. 1973 ஜூலையில் தீப்பிடித்தது உண்மைதான், ஒரு கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. ஆனால் எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். மரைன் கோப்புகள் அந்தத் தீயில் இல்லை. எல்லாம் எரிந்துபோயிற்று என்ற பேச்சைக் கேட்டுவிட்டு நான் சனிக்கிழமை முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

வழி காட்டியவர் எதிர்வீட்டுக் கிழவர். கவுன்ட்டி ரெக்கார்டர் அலுவலகத்தில், அதாவது நம் ஊர்ப் பத்திரப்பதிவு ஆபீஸ் மாதிரியான இடத்தில், கேட்டுப் பார்க்கச் சொன்னார். அந்தக் காலத்தில் ஊர் திரும்பியவர்கள் டிடி 214-ஐ அங்கே பதிந்து வைப்பது வழக்கமாம். திங்கள் காலை போனோம். இருபது நிமிடத்தில் பைண்டு செய்த ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து, 1969 ஜனவரித் தேதியோடு இருந்த பக்கத்தைக் காட்டி, முத்திரை குத்திய இரண்டு பிரதி கொடுத்தார் அந்த அம்மா. நீங்கள் புதிதாகப் பதிவதாக இருந்தால் அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதில் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கலாம். அங்கேயும் கிடைக்காவிட்டால் முன்னாள் வீரர்களுக்கான தேசிய கல்லறைகளுக்கு இடம் ஒதுக்கும் அலுவலகத்திடமே சொல்லலாம், அடக்கம் நிலுவையில் இருக்கும்போது அவர்களே ஆவணம் தேட உதவுவார்கள். இது எனக்கு எல்லாம் முடிந்த பிறகு தெரிந்தது.

நடுவில் இரங்கல் செய்தி. உள்ளூர்ப் பத்திரிகைக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். "முன்னாள் ராணுவ வீரர்" என்ற பொருளில் 'எக்ஸ் சோல்ஜர்' என்று போட்டேன். ஞாயிறு காலை பத்து மணிக்குள் மூன்று போன். சோல்ஜர் என்றால் தரைப்படைக்காரன். மரைன் என்றைக்கும் மரைன்தான், 'எக்ஸ் மரைன்' என்ற ஆள் உலகத்திலேயே கிடையாது. வேண்டுமானால் 'ஃபார்மர் மரைன்' என்று சொல்லிக்கொள்ளலாம், அதிலும் சிலருக்கு முகம் சுளிக்கும். திருத்திய செய்தியை மறுபடி போட 140 டாலர். இன்னொன்று, வாயால் சொல்லும்போது மரைன் 'கோர்'. எழுத்தைப் பார்த்து 'கார்ப்ஸ்' என்று படித்தால் பிணம் என்று அர்த்தமாகிவிடும், அதுவும் சாவு வீட்டில். பிறந்த தேதி, தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர், சர்வீஸ் எண் எதையும் இரங்கல் செய்தியில் போடாதீர்கள். இறந்தவர் பெயரில் கடன் வாங்குகிறவர்கள் அதற்கென்றே பத்திரிகை படிக்கிறார்கள்.

அடக்கம் புதன்கிழமை, க்ளீவ்லாந்துக்குத் தெற்கே இருக்கும் ஒஹாயோ வெஸ்டர்ன் ரிசர்வ் தேசியக் கல்லறையில். தேசியக் கல்லறையில் இடம், குழி வெட்டி மூடுவது, கல், பராமரிப்பு எதற்கும் காசில்லை, பின்னால் மனைவிக்கும் அதே இடத்தில் இடம் உண்டு. ஃப்யூனரல் ஹோம் கட்டணம் மட்டும் நம்முடையது. வழக்கமாக சனி, ஞாயிறில் அடக்கம் கிடையாது. சடங்கு குழியின் ஓரத்தில் நடக்காது, அதற்கென்று கட்டிய கூரைக் கொட்டகையில் நடக்கும், மொத்தமே அரை மணி நேரத்துக்குள். மூன்று பேர் பேசுவது, பாட்டு, பைபிள் என்று திட்டம் போட்டிருந்தால் அதையெல்லாம் முதல் நாளே சர்ச்சில் முடித்துவிட வேண்டும்.

ராணுவ மரியாதைக்குச் சட்டப்படி குறைந்தது இரண்டு பேர் சீருடையில் வருவார்கள், ஒருவராவது இறந்தவரின் படையைச் சேர்ந்தவராக இருப்பார். கொடியை மடித்துக் கொடுப்பதும் 'டாப்ஸ்' என்ற ஊதுகுழல் இசையை வாசிப்பதும் அவர்கள் பொறுப்பு. அதற்கு மேல் எதுவும் தானாக வராது. துப்பாக்கி முழக்கம் வேண்டுமென்றால் ஊரில் உள்ள பழைய வீரர்கள் சங்கத்தையோ மரைன்களின் சங்கமான மரைன் கோர் லீகையோ தனியாகக் கேட்க வேண்டும். அறுபது, எழுபது வயதைத் தாண்டிய தொண்டர்கள் வந்து நின்று மூன்று முறை சுடுவார்கள். அதை '21 குண்டு மரியாதை' என்று சொல்லிவிடாதீர்கள், அது நாட்டுத் தலைவர்களுக்குப் பீரங்கியில் கொடுப்பது. டாப்ஸும் நிஜமாக வாசிக்கப்படும் என்று நினைக்காதீர்கள். ஊதத் தெரிந்த ஆள் குறைவு என்பதால் பெரும்பாலும் ஊதுகுழலுக்குள் ஒரு சின்னக் கருவி இருக்கும், பொத்தானை அழுத்திவிட்டு உதட்டில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். இது முன்பே தெரிந்தால் மனசு கஷ்டப்படாது. நிஜமாக ஊதுகிற ஆள் வேண்டும் என்றால் அதையும் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும்.

கொடி மடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு பையன்கள், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. நீளவாக்கில் இரண்டு முறை மடித்து, கோடு உள்ள பக்கத்திலிருந்து முக்கோணம் முக்கோணமாக வருகிறார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் வெள்ளைக் கையுறையின் விளிம்பால் ஒரு இழுப்பு. கடைசி முனையை உள்ளே செருகிவிட்டு ஒருவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நீலமும் நட்சத்திரமும் மட்டும்தான் தெரிய வேண்டும், சிவப்பு ஒரு நூல்கூட எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு மாமியார் முன்னால் மண்டியிட்டு, அவர் கண்ணைப் பார்த்து, ஜனாதிபதியின் சார்பிலும் மரைன் கோரின் சார்பிலும் நன்றியுள்ள நாட்டின் சார்பிலும் என்று தொடங்கிச் சொன்னான். நாலு நாளாக யார் இறந்தது என்று கேட்டுக்கொண்டிருந்த மாமியார், அவன் கையைப் பிடித்து, "நீ எங்கே பயிற்சி எடுத்தாய், பாரிஸ் ஐலாந்தா, சான் டியகோவா?" என்று கேட்டார். அவர் கணவர் பாரிஸ் ஐலாந்து. சான் டியகோவில் பயிற்சி எடுத்தவர்களை 'ஹாலிவுட் மரைன்' என்று ஆயுசு பூராவும் கிண்டல் செய்தவர்.

அந்தக் கொடி வி.ஏ., அதாவது முன்னாள் படைவீரர் (வெட்டரன்ஸ்) நலத்துறை தருவது, 27-2008 என்ற படிவத்துக்கு ஒருவருக்கு ஒன்றுதான். தொலைந்தால் மறுபடி தரமாட்டார்கள். பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் என்றால் யாருக்கு என்று முன்பே பேசிவிடுங்கள். ஐந்தடிக்கு ஒன்பதரை அடி, பருத்தி. வெளியே கம்பத்தில் பறக்கவிடுகிற கொடி இல்லை, ஒரு மழைக்குத் தாங்காது. முக்கோணப் பெட்டி வாங்கும்போது இந்த அளவைப் பார்த்து வாங்குங்கள். கடையில் கண்ணுக்கு அழகாக இருப்பதெல்லாம் மூன்றுக்கு ஐந்தடிக் கொடிக்கானது. நான் வாங்கிய 62 டாலர் பெட்டியில் இப்போது ரப்பர் பேண்டும் ஸ்க்ரூவும் இருக்கின்றன. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடுகளைக் கொடுத்தால் கொடி மடிப்புக்குள் செருகி வைக்காதீர்கள், பச்சை பூத்துத் துணியில் கறை இறங்கும். தனியாக ஒரு டப்பாவில் போடுங்கள். கல்லில் கழுகு-உருண்டை-நங்கூரம் போட ஆசைப்பட்டோம், அந்த இடத்தில் மதச் சின்னம்தான் வருமாம். கூடுதல் வரியாக மரைன்களின் முழக்கமான 'செம்பர் ஃபை' என்று கேட்டு வாங்கினோம்.

சடங்கு முடிந்ததும் எல்லோரும் ஓய்ந்துவிடுவார்கள். காசு விஷயத்தில் முக்கியமான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. வியட்நாம் மண்ணில் இருந்தவர்களுக்கு, அங்கே அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி காரணமாக வந்ததாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும் நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு. இதய ரத்தக்குழாய் அடைப்பு அதில் இருக்கிறது, 2022 பேக்ட் சட்டத்தில் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தார்கள். அந்த நோயால் இறந்தால் மனைவிக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும். மாமனாரின் இறப்புச் சான்றில் டாக்டர் எழுதியது 'இதயம் நின்றது' என்று மட்டும். யார் செத்தாலும் இதயம் நிற்கத்தானே செய்யும்! அடிப்படைக் காரணமாக ரத்தக்குழாய் அடைப்பை எழுதியிருக்க வேண்டும். அதைத் திருத்தி வாங்க எனக்கு ஒன்பது வாரம். சான்றில் கையெழுத்தாகும் முன்பே டாக்டரிடம், "இவர் வியட்நாம் வெட்டரன், இருபது வருட இதய நோயாளி, அடிப்படைக் காரணத்தையும் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. இறந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் இறந்த மாதத்திலிருந்தே கணக்கிட்டுத் தருவார்கள், ஒரு வருடம் தாண்டினால் விண்ணப்பித்த நாளிலிருந்துதான். ஒஹாயோவில் ஒவ்வொரு கவுன்ட்டியிலும் வெட்டரன்ஸ் அலுவலகம் உண்டு, இதையெல்லாம் இலவசமாக நிரப்பித் தருவார்கள். வரும் பணத்தில் பங்கு கேட்டு யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

கணவர் கையெழுத்தோடு மறுபடி எஸ்எஃப் 180 போட்டேன். இந்த முறை டிடி 214 மட்டும் கேட்காமல் முழுப் பணிக்கோப்பும் வேண்டும் என்று எழுதினேன். ஒரே தபால்தலை, ஒரே காத்திருப்பு, ஆனால் வருவது வேறு உலகம். சேர்ந்தபோது எடுத்த மொட்டைத்தலைப் படம் முதல் எந்தத் தேதியில் எந்தக் கம்பெனிக்கு, அதாவது எந்தப் படைப்பிரிவுக்கு மாற்றினார்கள், எந்தெந்தச் சண்டையில் இருந்தார் என்ற பக்கம் வரை இருந்தது. சுருக்கெழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். 1/26 என்றால் 26-ஆவது மரைன்ஸின் முதல் பட்டாலியன், அங்கே 'மரைன்ஸ்' என்பதே ரெஜிமென்டைக் குறிக்கும். 0311 என்றால் துப்பாக்கிக்காரர், 0331 மெஷின் கன், 2531 ரேடியோ தூக்கியவர். மாமனார் 2531. "சும்மா போன் பேசினேன்" என்று அவர் சொன்னதை நாங்கள் அலுவலக வேலை என்று ஐம்பது வருடம் நினைத்திருந்தோம். முதுகில் ஆன்டெனாவோடு நடப்பவனைத்தான் எதிரி முதலில் சுடுவான் என்பது இப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

பதக்கம் விஷயத்தில் 75 டாலர் போயிற்று. 'வியட்நாம் செட்' என்று கடையில் விற்றதை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கினேன். வந்து பார்த்த லீக் ஆள் வரிசை தப்பு என்றார், ஒன்று அவருடையதே இல்லை என்றார், வர வேண்டிய இரண்டு வரவில்லை என்றார். சண்டையில் இருந்தவர்களுக்கான காம்பாட் ஆக்ஷன் ரிப்பன் உருவானதே 1969 பிப்ரவரியில், முன்தேதியிட்டு. ஜனவரியிலேயே வெளியே வந்தவரின் டிடி 214-இல் அது எப்படி இருக்கும்? வியட்நாமின் கேசான் முகாம் முற்றுகைக்காக 26-ஆவது மரைன்ஸுக்குக் கிடைத்த ஜனாதிபதியின் பாராட்டும் விட்டுப்போயிருந்தது. பணிக்கோப்பை வைத்து விண்ணப்பித்தால் விட்டுப்போனவற்றைச் சேர்த்து டிடி 215 என்ற திருத்தத் தாள் தருவார்கள். அது வரும்வரை பெட்டியை மூடாதீர்கள். பதக்கங்களைச் சூட்டுப் பசையால் ஒட்டவும் வேண்டாம், தையல் போதும்.

கேசான் 77 நாள் முற்றுகை என்று பொதுவாக எல்லோருக்கும் தெரியும். அங்கே உங்கள் வீட்டு ஆள் செவ்வாய்க்கிழமை என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரிய வேண்டுமானால் பட்டாலியன்களின் மாதாந்திர அறிக்கைகளைத் தேடுங்கள். 'கமாண்ட் க்ரோனாலஜி' என்பார்கள். டெக்ஸஸ் டெக் பல்கலைக்கழகத்தின் வியட்நாம் ஆவணக் காப்பகத்தில் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள், இலவசம். பட்டாலியனும் மாதமும் தெரிந்தால் போதும். தட்டச்சு மங்கல், அதனால் எழுத்தைத் தேடும் வசதியை நம்பாமல் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும்.

பரணில் ஷூ பெட்டி ஒன்றில் கடிதங்களும் மூன்றங்குல டேப் சுருள் நாலும் இருந்தன. உறையில் தபால்தலை ஒட்டும் மூலையில் பேனாவால் 'ஃப்ரீ' என்று எழுதியிருக்கும், போர்முனையிலிருந்து வந்த தபாலுக்குத் தலை தேவையில்லை. உறைகளைத் தூக்கி எறியாதீர்கள், தேதி முத்திரையும் அப்போதைய யூனிட் முகவரியும் அதில்தான் இருக்கின்றன. டேப்பைப் பழைய மெஷின் வாங்கிப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மெஷினின் ரப்பர் இறுகிப்போயிருக்கும், சுருளை இழுத்துப் பிய்த்துவிடும். வினிகர் வாசம் அடிக்கிற சுருள் கெட ஆரம்பித்துவிட்டது, அதை முதலில் கொடுங்கள். சுருளுக்கு 35 டாலர் வாங்கினார்கள். ஒரு பக்கம் கால் மணி. ஹெலிகாப்டர் சத்தத்துக்கு நடுவே பத்தொன்பது வயசுக் குரல், "அம்மா, கூல்-எய்ட் ஜூஸ் பொடிப் பொட்டலம் இன்னும் அனுப்பு, இங்கே தண்ணீரில் மருந்து வாசம்" என்கிறது. ஆல்பத்தில் பசைத்தாளில் ஒட்டிக்கொண்ட படங்களை நகத்தால் பெயர்க்க வேண்டாம், பல்லிடுக்கு நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்தால் வந்துவிடும். ஸ்கேன் 600 டிபிஐ. பின்பக்கம் எழுத மெத்தென்ற பென்சில் மட்டும்.

ஒரு படத்தில் மணல் மூட்டை முன்னால் ஒன்பது பேர். பின்னால் எழுதியிருந்ததெல்லாம் பட்டப்பெயர். அவர்களைத் தேடிப் போன் செய்தபோதுதான் நான் எதிர்பார்க்காத இடத்தில் முட்டிக்கொண்டேன். இந்தியப் பேச்சுவாடையில் ஒரு பெண் எண்பது வயது அமெரிக்கரைக் கூப்பிட்டு "உங்கள் ராணுவ விவரம் பற்றி" என்று ஆரம்பித்தால் என்ன ஆகும்? நாலு பேர் மோசடிக்காரி என்று போனை வைத்தார்கள், ஒருவர் நன்றாகத் திட்டிவிட்டே வைத்தார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்கப்புறம் முறையை மாற்றினேன். முதலில் கைப்பட ஒரு கடிதம், கூடவே படத்தின் நகல், தலைகளுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டு, தபால்தலை ஒட்டிய திருப்பி அனுப்பும் உறை. பத்து நாள் கழித்துப் போன், அதுவும் காலை பத்து மணிவாக்கில், காதுக் கருவி மாட்டியிருக்கும் நேரம். முதல் வாக்கியத்திலேயே பட்டாலியன், வருடம், மாமனாரின் பட்டப்பெயர். "நீங்கள் யார்?" என்று அடுத்துக் கேட்டால் வெற்றி. மரைன்களோடு இருந்த மருத்துவ உதவியாளரை விட்டுவிடாதீர்கள். அவர் கடற்படைக்காரர், மரைன் பட்டியலில் பெயர் இல்லாமல் போகலாம். ஆனால் எல்லோருக்கும் அவர் 'டாக்', எல்லோர் பெயரும் அவருக்குத் தெரியும்.

கென்டக்கியிலிருந்து ஒருவர் மட்டும் நாற்பது நிமிடம் பேசினார். எங்கள் வீட்டில் டப்பாவில் வரும் அப்ரிகாட் பழம் நுழைந்ததே இல்லை, மாமனாருக்கு ஒவ்வாமை என்றுதான் மாமியார் சொல்வார். இதைச் சொன்னதும் கென்டக்கிக்காரர் சிரித்துவிட்டார். ரேஷன் டப்பாவில் அப்ரிகாட்டைத் திறந்தால் குண்டு விழும் என்று அங்கே மரைன்கள் நம்பினார்களாம். யாராவது திறந்தால் டப்பாவோடு ஆளையும் பதுங்குகுழிக்கு வெளியே தள்ளுவார்களாம். லைமா பீன்ஸை மாமனார் தொடாததற்கு மட்டும் மூடநம்பிக்கை காரணமில்லை, அது நிஜமாகவே வாயில் வைக்க முடியாது என்றார். இதைப் பதிவு செய்ய அனுமதி கேட்டேன். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், முன்னாள் வீரர்களின் அனுபவங்களைச் சேகரிக்கும் வெட்டரன்ஸ் ஹிஸ்டரி ப்ராஜெக்ட்டை நடத்துகிறது. அதற்கு அனுப்ப முப்பது நிமிடத்துக்குக் குறையாத, வெட்டாத ஒரே பதிவு வேண்டும், பேசுகிறவரின் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் வேண்டும். ஒப்புதல் படிவத்தை முன்பே அனுப்பி வாங்கிவிட்டுப் பதிவு செய்யுங்கள். நான் போனில் பேசிய நாற்பது நிமிடம் பதிவாகவே இல்லை, இனி நேரில் போக வேண்டும்.

அவர் திருப்பி அனுப்பிய நகலில் எட்டுத் தலைக்கு முழுப் பெயர், சொந்த ஊர், இருவருக்கு இறந்த தேதி. ஏழாம் எண்ணுக்கு மட்டும் கேள்விக்குறி போட்டு, "டாக்கைக் கேள்" என்று எழுதியிருந்தார். டாக்கின் பழைய போன் எண் வேலை செய்யவில்லை. அரிஸோனாவில் ஒரு முகவரி கிடைத்திருக்கிறது, போன செவ்வாய்தான் கடிதம் போட்டேன்.